பலேர்மோவில் அமெரிக்கானாவுக்குப் பெற்றோல் அடித்தது

என்னுடைய உடுப்புகள் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தன, ஸ்பானர்கள் வரவில்லை. பொதிகள் சுற்றி வரும் பட்டையில் யாருடையதோ ஒரு சிவப்புப் பெட்டி ஏழு தடவை வந்து போனது. அதன் பிறகு பட்டையை நிறுத்திவிட்டார்கள். முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண், காணாமற்போன பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பதினெட்டு ஸ்பானர், ஒரு பெற்றோல் பம்ப், கார்புரேற்றருக்குள் போடுகிற சாமான்கள், ஒரு கிலோ மிளகாய்த்தூள்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எழுபத்தாறு வயதில், பன்னிரண்டு கிலோ இரும்பையும் தூளையும் காவிக்கொண்டு கடல் தாண்டி வருகிறவனை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கனடாவில், ஸ்காபரோவில், என் கட்டிலும் கணுக்காலுக்கு வைக்கிற வெந்நீர்ப் பையும் என்னைத் தேடிக்கொண்டிருக்கும்.

வெளியே சூசை நின்றான். என் மனைவியின் கடைசித் தம்பி. முப்பது வருடமாக இந்த ஊர்தான். லிபெர்த்தாப் பகுதியில் ஒரு பழைய வீட்டில் முதலில் இத்தாலிய முதலாளி ஐயாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டான். ஐயா இறந்த பிறகு அம்மாவை, அவன் சொல்லுக்கு 'சின்யோரா'வை, மட்டும் பார்க்கிறான். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க முதல், "பெட்டி எங்கை அத்தான்?" என்று கேட்டான்.

"வரேல்லை."

"அப்ப முடிஞ்சுது" என்று தலையில் கை வைத்துக்கொண்டு விமான நிலையச் சுவரில் சாய்ந்தான்.

விசயம் ஒரு கார். அந்த முதலாளி ஐயா இளமையில் அமெரிக்காவில் கப்பல் துறையில் வேலை செய்து, திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கார். வேகத்துக்குப் பேர்போன அந்த அமெரிக்கக் கார்களை இப்போது ஒருவரும் செய்வதில்லை. தாய்க் கம்பெனி அந்தப் பெயரையே மூடிவிட்டது. பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று விளக்கம் கேட்டு ஆட்கள் கிளம்புவார்கள். பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த ஊரில் எல்லோரும் அதை 'அமெரிக்கானா' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அது போதும்.

பஸ்ஸில் போகும்போது சூசை மற்றதைச் சொன்னான்.

"சின்யோரா சனிக்கிழமை பகேரியா போறா, அத்தான். அங்கை ஒரு முதியோர் இல்லம். மகன் மிலானிலை இருந்துகொண்டு எல்லாம் ஒழுங்கு பண்ணிப்போட்டான். வீடு வித்தாச்சு. காரையும் கத்தானியாக்காரன் ஒருத்தன் திங்கள் வந்து எடுக்கிறானாம். சின்யோரா சொல்லுறா, அம்புலன்சிலை ஏறமாட்டாவாம், டாக்ஸியிலை ஏறமாட்டாவாம். மனுசன்ரை காரிலை எண்டால் வாறன், இல்லாட்டி இஞ்சையே கிடப்பன் எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டிட்டன்."

"கார் ஓடுதோ?"

"ரெண்டு மாசமா ஓடேல்லை. ஸ்டார்ட் எடுக்கும், நிக்கும். அதுதானே உங்களைக் கூப்பிட்டனான்." பிறகு குரலைத் தாழ்த்தினான், பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லாவிட்டாலும். "மகன் சொல்லுறான், மாட்டன் எண்டால் ஒரு நித்திரைக் குளிசையைக் குடுத்து ஏத்துங்கோ எண்டு. அந்தக் குளிசையை ஆர் குடுக்கிறது? நான்தானே குடுக்கவேணும்."

அந்த நேரத்தில் பஸ் நின்றது. ஒடுக்கமான தெருவில் ஒருவர் காரைக் குறுக்கே விட்டுவிட்டு எங்கோ போயிருந்தார். சாரதி ஹோர்ன் அடித்தார். பயணிகள் ஜன்னலால் கத்தினார்கள். கடைசியில் சலூன் ஒன்றிலிருந்து கழுத்தில் வெள்ளைத் துணியோடு ஒருவர் வந்தார், பாதித் தலை வெட்டி, பாதித் தலை வெட்டாமல். "பொறு, செத்தா போகப் போகிறாய்?" என்று அவர் சாரதியிடம் கேட்டதாகச் சூசை மொழிபெயர்த்தான். யாழ்ப்பாணத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகனாக இருந்த காலத்தில் என்றால் அந்த இடத்திலேயே வழக்கு எழுதியிருப்பேன். இப்போது கணுக்காலைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காரைப் பார்த்தேன். சின்யோரா வீட்டின் பின்முற்றத்தில், தகரக் கூரைக்குக் கீழே, போர்வை போர்த்திக் கிடந்தது. சூசை போர்வையை இழுத்தபோது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

இருபத்தாறு வருடம் கார்களைப் பரிசோதித்தவன் நான். பார்த்ததெல்லாம் சின்னப் பிரித்தானியக் கார்கள், பிறகு சின்ன ஜப்பான் கார்கள். இது இரண்டு கதவுக்கு இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்க வைக்கும் கார். கரும்பச்சை. முன்முகம் நடுவில் மூக்குப் போலப் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தது. பொனெற்றில் காற்று வாங்க இரண்டு துளை. எட்டுச் சிலிண்டர். கார்புரேற்றருக்கு நான்கு வாய். ஒரு குடும்பத்தைக் கொண்டு போவதற்கு இவ்வளவும் தேவையில்லை. அதுதான் அதன் அழகு என்பது விளங்க எனக்கு இன்னும் ஒரு நாள் எடுத்தது.

மெக்கானிக் தோத்தோ அங்கே நின்றார். அறுபது வயதிருக்கும், ஒரே நேரத்தில் கதைக்கவும் சாப்பிடவும் தெரிந்தவர். கையில் இருந்தது தோடம்பழ அளவில் பொரித்த சோற்று உருண்டை. பாதியைப் பிய்த்து எனக்கு நீட்டினார். நல்ல சாமான். உள்ளே இறைச்சியும் பட்டாணியும். எங்கள் ஊரில் சோற்றை உருட்டிக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். இவர்கள் பொரித்து மெக்கானிக்குக்குக் கொடுக்கிறார்கள்.

பெற்றோல் பம்பில் இரண்டு நட்டின் மூலைகள் மழுங்கிக் கிடந்தன. அமெரிக்கக் காருக்கு அங்குலக் கணக்கு. தோத்தோவின் ஸ்பானர்கள் எல்லாம் மில்லிமீற்றர். கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்று போட்டுத் திருகியிருக்கிறார். நான் சுட்டிக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அமெரிக்காக்காரன் உலகத்தோடை ஒத்துப் போகாததுக்குத் தான் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்" என்றான் சூசை.

மேல்மாடத்தில் சின்யோரா நின்றார். மெலிந்த உருவம், வெள்ளைத் தலை, காலையிலேயே காதில் தோடு. "கனடாக்காரர் வந்துவிட்டாரா? ஓடுமா?" என்று கேட்டார். சூசை என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அது ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இத்தாலியில் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டி புதன்கிழமை வந்தது. சூசையின் வீட்டுக்கு அல்ல, அதற்குக் கீழே இருக்கும் மீன் கடைக்கு. கொண்டுவந்தவன் நான்கு மாடி ஏற மனமில்லாமல் அங்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மீன்காரர் பத்திரமாக ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஸ்பானர்களை எண்ணினேன், பதினெட்டும் இருந்தன. மிளகாய்த்தூளில் மாத்திரம் சாளை மீன் மணத்தது. சூசையின் மனைவி ரெஜினா அதை மோந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை அத்தான், குழம்புக்கு மீன் போடத் தேவையில்லை" என்றாள்.

அன்று பின்னேரம் பம்பை மாற்றினோம். கார்புரேற்றரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினோம். சூசை திறப்பைத் திருப்பினான்.

அந்தச் சத்தத்தை எழுதிப் பார்க்கிறேன். சத்தம் என்று சொல்வது சரியில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஒரு பெரிய மேசையை மெதுவாக இழுப்பது போல. தகரக் கூரை அதிர்ந்தது. மேலே கண்ணாடிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று கதைத்தன. ஐந்து வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன; ஒருவரும் ஏசவில்லை. ஒரு கிழவர் "அமெரிக்கானா எழும்பிவிட்டாள்!" என்று கூவினார். சின்யோரா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எவ்வளவு தேவையில்லாத பலம் என்று நினைத்தேன். மனுசனுக்கு எப்போதாவது தேவையில்லாதது ஒன்று வேண்டியிருக்கும் என்றும் நினைத்தேன்.

பிறகு இருமியது. நின்றது. அதன் பிறகு எடுக்கவேயில்லை.

வியாழக்கிழமை திரும்பக் கார்புரேற்றரைப் பிரித்தேன். நேற்றுக் கழுவி வைத்த கிண்ணத்தின் அடியில் பனங்கட்டி நிறத்தில் ஒரு படை. விரலால் எடுத்துத் தேய்த்தேன். மணல் மாதிரி உறுத்தியது. தோத்தோவிடம் காந்தம் ஒன்று வாங்கிக் கிட்டப் பிடித்தேன். காந்தத்துக்கு மீசை முளைத்தது.

"துரு. பெற்றோல் தாங்கிக்குள்ளை இருந்து வருது. இதைப் பத்துத் தரம் கழுவினாலும் பத்துத் தரமும் அடைக்கும்" என்றேன். பிறகு சூசையிடம் கேட்டேன், "தாங்கி எவ்வளவு கொள்ளும்?"

"எழுவது லீத்தருக்கு மேலை எண்டு ஐயா சொல்லுவார்."

"நீ எவ்வளவு அடிக்கிறனி?"

"அஞ்சு."

"எப்பவுமோ?"

"ஓம். ஐயா செத்த பிறகு சனிக்கிழமையளிலை ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்துச் சுத்துவன். அதுக்கு அஞ்சு காணும். இறக்கத்திலை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு விட்டால் ஒரு மாசத்துக்குக் காணும்." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான்.

ஸ்டியரிங்குக்கும் பிறேக்குக்கும் எஞ்சின் உதவி செய்கிற காரை எஞ்சின் இல்லாமல் இறக்கத்தில் விட்டிருக்கிறான். அதை நான் பிறகு ஏசலாம் என்று விட்டேன். "ஐயா போய் எத்தினை வருசம்?"

"பதினொண்டு."

பதினொரு வருடம் அந்தத் தாங்கிக்குள் அறுபத்தைந்து லீற்றர் வெறும் காற்று இருந்திருக்கிறது. கடல் காற்று. இரவு குளிர்ந்து தகரத்தின் உட்புறம் வியர்க்கும். வியர்த்த இடமெல்லாம் துருப்பிடிக்கும். நிறைந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இதை அப்படியே சொன்னேன். பரிசோதகனின் பழக்கம், பிழை கண்டால் வாய் நிற்காது.

சூசை காந்தத்தை வாங்கிப் பார்த்தான். "அப்ப நான்தான், என்ன?" என்றான்.

மத்தியானம் சாப்பிடப் போனபோது ரெஜினா கணவாய்க் கறியும் புட்டும் வைத்தாள். அவள் பொலிதேயாமாப் பகுதியில் இரண்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வந்திருந்தாள். விசயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு. "இந்த மனுசன் சவுக்காரம் ரெண்டாய் வாங்க விடமாட்டார் அத்தான். சீனி ஒரு கிலோவுக்கு மேலை வீட்டிலை இருந்தால் நித்திரை வராது. ஆரோ வந்து கொண்டு போயிடுவினமாம். நாலாம் மாடிக்கு ஆர் ஏறி வாறது? பெட்டி கொண்டுவாறவனே வாறானில்லை."

சூசை சிரிக்கவில்லை. "அப்பு வானுக்கு நிறைய அடிச்ச அண்டைக்குத்தானே கொண்டு போனவங்கள்" என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அந்தக் கதை தெரியும். பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மாத்திரம் கார்புரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விடுவார்கள். என் மாமனார், சூசையின் அப்பு, ஒரு கலியாணப் பயணத்துக்காக எங்கெங்கோ சேர்த்து வானை நிறைத்து வைத்தார். விடிய வந்து கேட்டார்கள். யார் என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் கேட்டவர்கள் எல்லோரிடமும் துவக்கு இருந்தது. வான் திரும்பி வரவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் வாகனத்தில் பெற்றோல் வைத்திருக்கவில்லை. வெறுந்தாங்கியை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்போது சூசைக்குப் பதினாறு வயது. அந்தப் புத்தியை அவன் இங்கே கொண்டுவந்து, ஒருவரும் கேட்காத இடத்தில், பதினொரு வருடம் காப்பாற்றியிருக்கிறான்.

"கறியைச் சாப்பிடு" என்றேன்.

பின்னேரம் என் ஸ்பானர்களால் தாங்கியைக் கழற்றினோம். வெள்ளிக்கிழமை தோத்தோ அதைத் தன் மைத்துனர் வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டு போனார். அங்கே சீமெந்து கலக்கும் மெஷின் ஒன்று இருந்தது. தாங்கியைப் பழைய மெத்தையில் சுற்றி மெஷினோடு கயிற்றால் கட்டினார்கள். உள்ளே மருந்துத் தண்ணீர் விட்டு, கூரான இரும்பு நட்டுகளைப் போட்டுச் சுழற்றினால் துரு உதிரும் என்பது திட்டம். ஊரில் நாங்கள் சங்கிலி போட்டு இரண்டு பேர் குலுக்குவோம். இது அதே வேலை, முதுகு நோகாமல்.

தோத்தோ நட்டுகளைக் கைநிறைய அள்ளினார். "பொறுங்கோ, எண்ணிப் போடவேணும்" என்றேன். ஐம்பது எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மைத்துனரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"நீங்கள் வங்கியிலை வேலை செய்தனீங்களோ எண்டு கேக்கினம்" என்றான் சூசை.

மெஷின் சுற்றத் தொடங்கியது. ஒரு கோயில் மணியை வாளிக்குள் போட்டு உருட்டுகிற சத்தம். அதைக் கேட்டு அக்கம்பக்கத்துக் கிழவர்கள் ஒன்பது பேர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். வேகம் கூட என்றார் ஒருவர். குறைவு என்றார் மற்றவர். மெத்தை அநியாயம் என்றார் மூன்றாமவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நானும் நிற்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

சூசை மாத்திரம் தள்ளி, செங்கல் குவியலில் இருந்து, சுற்றுகிற மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைப்பையில் மிலான் மகன் அனுப்பிய குளிசை இருந்தது. காலையில் காட்டினான்.

ஊற்றி எடுத்தபோது முதலில் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. மூன்றாம் முறை தெளிந்தது. நட்டுகளை எண்ணினேன். நாற்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்பது.

"ஒண்டு உள்ளை."

குலுக்கினோம். கவிழ்த்தோம். காந்தத்தை நூலில் கட்டி இறக்கினோம். தாங்கிக்குள்ளே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கேயோ 'டிங்' என்று கேட்கும், கைக்கு வராது. வெட்டினால்தான் எடுக்கலாம். வெட்ட நேரமில்லை. தோத்தோ கை கழுவிக்கொண்டே சொன்னார்: குழாய்க்குள் போகாது, வாயில் வலை இருக்கிறது, எஞ்சினுக்கு ஒன்றும் செய்யாது, ஒரு நட்டுக்காக யாரும் அழுவதில்லை. எல்லாம் சரி. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை தாங்கியில் சூசை தன் கணக்குக்கு ஐந்து லீற்றர் விட்டிருந்தான். திறப்பைத் திருப்பினான். மேசை இழுபட்டது. இருமல் வருமா என்று மூன்று பேரும் குனிந்து நின்றோம். வரவில்லை. தோத்தோ பொனெற்றில் முத்தமிட்டார்.

சின்யோரா தொப்பியோடும் கையுறையோடும் இறங்கி வந்தார். நேரே முன் இருக்கைக்குப் போனார். என்னைப் பின்னால் போட்டார்கள், ஒரு பெட்டிக்கும் ஒரு படச் சட்டத்துக்கும் நடுவில். என் முழங்கால் நாடியை முட்டியது. இவ்வளவு நீளக் காரில் பின்னால் இருப்பவனுக்கு இடமில்லை. அதை அமெரிக்காக்காரன் யோசிக்கவில்லை.

முதல் திருப்பத்திலேயே கேட்டது. 'டிங்'. அடுத்ததில் 'டிங், டிங்'. என் முதுகுக்குப் பின்னால் யாரோ தட்டுகிற மாதிரி. வெறுந்தாங்கி மணி மாதிரி ஒலித்தது.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் சின்யோரா. "அவர் காலத்தில் இருக்கவில்லை."

சூசை கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு இத்தாலியனில் ஏதோ சொன்னான். அவர் திரும்பி அவனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"என்னடா சொன்னனி?"

"பசிக்குது எண்டனான்."

"அவ?"

"அப்ப சாப்பாடு குடு எண்டா. அவர் ஒருநாளும் இதைப் பட்டினி போட்டதில்லையாம்."

கடலோர வீதியில் பெற்றோல் நிலையம் ஒன்றில் நிறுத்தினான். அடிக்கிற பையன் அமெரிக்கானாவைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டான். சூசை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பையன் திரும்பக் கேட்டான்.

"பியேனோ" என்றான் சூசை. நிறைய.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய், குழாய்க்குப் பக்கத்தில் நின்று, இலக்கங்கள் ஓடுவதைப் பார்த்தான். ஐந்தைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. ஒருமுறை வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தான், யாரும் வருகிறார்களா என்று. இருபது, நாற்பது. நானும் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டில் குழாய் 'டக்' என்று நின்றது. அவன் மூடியைப் பூட்டி, சரியாகப் பூட்டியதா என்று இரண்டு தரம் திருகிப் பார்த்தான்.

அதன் பிறகு எத்தனையோ திருப்பம். நிறைந்த தாங்கிக்குள் நட்டின் 'டிங்' கேட்கவில்லை.

பகேரியாவில் இல்லத்தின் வாசலில் இரண்டு பணிப்பெண்கள் சக்கர நாற்காலியோடு நின்றார்கள். சின்யோரா நாற்காலியைக் கையால் தள்ளிவிட்டு, கைத்தடியை ஊன்றி நின்றார். சூசையின் கன்னத்தை ஒரு முறை தட்டினார். "நான் மேலே போகும் வரைக்கும் நிறுத்தாதே" என்றார்.

சூசை நிறுத்தவில்லை. வாசலில் நின்று எஞ்சின் அந்த மேசையை இழுத்துக்கொண்டேயிருந்தது. எட்டுச் சிலிண்டரும் நின்ற இடத்திலேயே பெற்றோல் குடித்தன. நான் பெற்றோல் முள்ளைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை, மேல்மாடி ஜன்னல்களையே பார்த்தான். கடைசியில் பணிப்பெண் ஒருத்தி ஓடி வந்தாள். சத்தத்துக்கு ஏச வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதைச் சூசை எனக்குச் சொன்னான்.

"சின்யோரா படுத்துவிட்டா. 'கேட்டுவிட்டேன், இனிப் போகச் சொல்லு, சூசைக்கு மத்தியானச் சாப்பாடு பிந்தும்' என்று சொல்லச் சொன்னா."

வாசலில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் சூசை சட்டைப்பையில் இருந்த குளிசையைப் போட்டான். வந்து ஏறினான்.

திரும்பும் வழி பகேரியாவிலிருந்து கடலை நோக்கி இறக்கம். நான் இப்போது முன்னால் இருந்தேன், காலை நீட்டிக்கொண்டு. இறக்கம் தொடங்கியதும் அவன் கை தன் பாட்டில் திறப்புக்குப் போனது. நிறுத்தினால் ஸ்டியரிங் இறுகும் என்று சொல்ல வாயெடுத்தேன். கை திறப்பைத் தொட்டது. தொட்டபடி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தான்.

"திங்கள் கத்தானியாக்காரன் வருவான்" என்றேன். "முழுத் தாங்கியையும் சும்மா குடுக்கப் போறியோ? ஒரு ஐம்பது லீற்றரை இழுத்து எடுக்கலாம்."

"வேண்டாம் அத்தான். நிறையத்தான் குடுக்கவேணும்."

கடல் தெரிந்தது. எனக்கு நித்திரை வந்தது. இந்தக் கிழமை முழுவதும் வராத நித்திரை.

"அத்தான், அந்த நட்டைப் பற்றி அவனுக்குச் சொல்லவேணுமோ?"

"சொல்லத்தான் வேணும்."

"என்னெண்டு சொல்லுறது?"

"சத்தம் கேட்டால் பெற்றோல் அடிக்கச் சொல்லு."